விழுங்கினால்தான் தெரியும்

ஆட்டுப்பால் சீஸுக்குக் கோதுமை பீர்தான் பொருத்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. நேற்று வடித்த இளம் சீஸுக்கு அது போதும். இரண்டு மாதம் முதிர்ந்ததற்குக் கசப்பு கூடிய பீர் வேண்டும். சாம்பல் பூசி ஆறு மாதம் வைத்ததற்குக் கறுப்பு பீர். இதையெல்லாம் கண்டுபிடித்தது நான் இல்லை, ஐயா. என் தங்கையின் வீட்டுக்காரர். நீங்கள் கேட்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

சீஸ் செய்வது என் தொழில். கடைக்குப் பின்னால் ருசி பார்க்கிற அறை, ஆறு மேஜை. மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் என் மூக்கு போய்விட்டது. எதைத் தின்றாலும் ஈர அட்டையை மெல்வது போலத்தான். யாரிடமும் சொல்லவில்லை. சீஸ்காரனுக்கு வாசனை தெரியாது என்று வெளியே போனால் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ரொம்பப் பயந்தேன். அந்தப் பயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைக்கு அபாரமான நாக்கு. ஒரு துண்டை வாயில் போட்டால் ஆடு என்ன தழை தின்றது என்று சொல்லிவிடுவார். ஆனால் குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, குடியை விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. மறுபடி தொட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

எந்த சீஸுக்கு எந்த பீர் ஜோடி என்று எனக்குப் பதிலாக ருசித்துச் சொல்ல அவரைக் கடைக்குக் கூப்பிட்டேன். அதனால்தான் வாளி வைத்தேன். பீரை வாயில் கொப்பளித்து வாளியில் துப்பிவிட வேண்டும். தங்கை அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டாள்.

"உன்னை நம்பித்தான் அனுப்புறேண்ணா. துப்புறாரான்னு பக்கத்துலயே இருந்து பாரு."

"நான் இருக்கேன்ல," என்றேன்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் துப்பினார். ஒரு ஜோடிகூட அமையவில்லை. ஒயினைத் துப்பலாம், பீரின் கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் முழுசாகப் பிடிபடும். தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், நான் கட்டிய கதை இல்லை. அதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் மச்சான். ஒரு வாயோட நிறுத்துற ஆளு நான் இல்ல. உங்களுக்கே தெரியும்."

தெரியும். இருக்கிறதிலேயே உப்பு கூடிய சீஸ் துண்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். தின்றால் தொண்டை வறளும். வாயைத் திறந்து நான் ஊற்றவில்லை, ஐயா.

அன்றைக்கே முதல் ஜோடி அமைந்தது. அப்புறம் மளமளவென்று வந்தன. நாலு மாதத்தில் பதினொன்று. எந்த சீஸுக்கு எந்த பீர் என்று அட்டை அச்சடித்து மேஜைக்கு ஒன்று வைத்தேன். இடம் பிடிக்க ஜனம் முன்கூட்டியே போன் செய்தது. மாப்பிள்ளைக்குக் கால் வீங்கியது, கண் மஞ்சளானது. வருகிறவர்கள் கவனித்துவிடக் கூடாதே என்று அறை விளக்குகளை மஞ்சளாக மாற்றினேன். தங்கை கேட்டாள். வேலைக் களைப்பு என்றேன். அந்த ராத்திரிகளில் எனக்கும் தூக்கம் வரவில்லை.

பன்னிரண்டாவதுதான் சாம்பல் சீஸும் கறுப்பு பீரும். "இதுதான் மச்சான்," என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மூன்றாம் நாள் ரத்த வாந்தி. அந்த வாரம் தாண்டவில்லை.

துப்புகிறவர் உடம்பு எப்படி இப்படிப் போகும் என்று தங்கை உங்களிடம் கேட்டிருப்பாள். அவள்மேல் தப்பில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரைக் கூட்டிப்போக வருவாள். வந்ததும் முதலில் வாளியைத்தான் எட்டிப் பார்ப்பாள். அரை வாளி நுரையோடு நிற்கும். அவள் முகம் தெளியும்.

அவள் மனசு கஷ்டப்படக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். ஐந்தே முக்காலுக்குப் பாட்டில்களைத் திறந்து வாளியில் ஊற்றி வைத்ததும் நான்தான். எல்லாம் நல்ல பீர், ஐயா. அதைக் கீழே கொட்ட நேர்ந்ததுதான் இன்னும் மனசை அறுக்கிறது.