கழுத்தை நீட்ட ஆளில்லாத ஊர்

மாண்பு மண்டிய, அதைவிடத் தாடி மண்டிய அவைத்தலைவர் அவர்களே! நம் ஊரில் படமெடுத்து என் பிழைப்பில் மண்ணைப் போட்ட இயக்குநர் தம்பி அவர்களே! பெரியோர்களே! என்னைக் கண்டதும் பிள்ளைகளை முந்தானைக்குள் மறைக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சலூன்காரனின் வணக்கம்.

வெற்றி விழாவாம்! வெற்றி யாருக்கு?

படத்தில் மலை முழுக்க மூடுபனி. வெளியேற ஒற்றைப் பாதை. விடிந்தால் ஒருவரைக் காணவில்லை. கொலைகாரன் யார், யார் என்று கடைசிவரை தவிக்கவிடும் கதை. அந்தக் கொலைகாரன் வேடத்துக்கு நான் எதற்கு என்று தம்பியிடம் கேட்டேன். “அண்ணே, உங்க முகத்தைப் பார்த்தா யாருக்குமே சந்தேகம் வராது” என்றார். நம்பித் தொலைத்தேன்!

படம் வந்த நாள்முதல் என் கடையில் ஈ காக்கை இல்லை. சவரத்துக்கு மலையிறங்கிப் போகிறீர்கள்! போக முடியாதவர்கள் தாடி வளர்க்கிறீர்கள்! என் மைத்துனன் வாசலில் நின்றபடியே, “மாமா, தப்பா நினைக்காதீங்க, கத்தியைப் பார்த்தாலே அந்த சீன்தான் வருது” என்கிறான். கட்டிய மனைவி, “நீங்க கத்தியைத் தொடாதீங்க, வெங்காயத்தை நானே நறுக்கிக்கிறேன்” என்கிறாள். சிரிக்காதீர்கள் அம்மா, எனக்கு வயிறு எரிகிறது!

நடிப்பு எது, நிஜம் எது என்று தெரியாதா உங்களுக்கு? கழுத்தில் என் கத்தி இருக்கும்போதே குறட்டை விட்டவர்கள் நீங்கள் அல்லவா? ஒரு கீறல் விழுந்ததுண்டா? யாரது பின்னால்? “காதுல ஒரு தடவை பட்டுச்சு”? நீங்கள் தும்மினீர்கள் ஐயா!

வலிக்கிறது, மக்களே. கடையைக் காலி செய்ய மூட்டை கட்டிவிட்டேன். நாளை நானும் மலையிறங்குகிறேன். அதற்குமுன் ஒரே ஒரு முறை கேட்கிறேன். கடை நாற்காலியை மேடைக்கே தூக்கி வந்திருக்கிறேன். இதோ கத்தி, இதோ சோப்பு. யார் வருகிறீர்கள்? இந்த ஊரில் ஒரு கழுத்துகூட எனக்கு இல்லையா?

தலைவரே, நீங்கள் ஏன் பின்னால் நகர்கிறீர்கள்?

யார் எழுந்து வருவது? மாவு மில்காரரா? படத்தில் என் கையால் செத்தவராயிற்றே! என்ன சொல்கிறீர்கள், மைக்கில் சொல்லுங்கள்.

“என்னைத்தான் ஏற்கெனவே கொன்னுட்டியேப்பா, இனிமே எனக்கென்ன பயம்? தாடி அரிக்குது, வழிச்சு விடு.”

உட்காருங்கள் அண்ணே, உட்காருங்கள். கண்ணை நீர் மறைக்கிறது, துடைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

பெரியோர்களே, தாய்மார்களே, எனக்கு வேலை வந்துவிட்டது. பேச நேரமில்லை. அடுத்து வருகிறவர்கள் வரிசையில் நில்லுங்கள். நன்றி, வணக்கம்!