வில்லனின் புருவம்

யுத்தக் காலம். துறைமுகத்தடிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவர் சொன்னது காதில் விழுந்தது.

"படத்திலை எத்தினை கொலை செய்தனான்! வீட்டிலை ஒரு கோழி அறுக்கவும் என்னாலை ஏலாது எண்டு என்ரை சுயசரிதையிலை முதல் அத்தியாயத்திலையே எழுதிப்போட்டன்."

மதராசுப் படங்களில் வில்லனாகவே நடித்து, தலை நரைத்து ஊர் திரும்பியவர். பக்கத்தில் ஓலைப்பையுடன் மனைவி.

"வேறை என்ன எழுதினீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

"சைரன் ஊதினா, நீர் எழும்ப முதல் நான் பதுங்குகுழிக்குள்ளை நிக்கிறதையும் எழுதினனான்."

"ஐயோ, அதை அச்சடிச்சுப் போடாதேங்கோ!"

"ஏன்? சனம் இன்னும் என்னைக் கெட்டவன் எண்டெல்லோ நினைக்குது."

"ஓம், நினைக்கட்டும். இந்த மனேச்சர் ஆருக்கும் கொத்து நிரம்ப அளக்கிறேல்லை. உங்களைக் கண்டா மட்டும் பயத்திலை முட்ட நிரப்புறார். அந்தாள் உங்கடை புத்தகத்தை வாசிச்சா எங்கடை அரிசி போச்சு. சண்டை முடியட்டும், பிறகு நல்லவராகுங்கோ."

அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் தங்கள் முறை வந்ததும் மனேச்சரைப் பார்த்து ஒரு புருவத்தை மெதுவாக உயர்த்தினார். அரிசி கொத்தின் விளிம்பைத் தாண்டிக் கொட்டியது.

வீட்டுக்குப் போகத் திரும்பியவரை மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் இதிலையே நில்லுங்கோ. புருவத்தை இறக்காதேங்கோ. பின்னாலை நிக்கிற சனமும் வாங்கட்டும்."

வரிசையில் கடைசி ஆள் வாங்கி முடியும்வரை அந்தப் புருவம் இறங்கவே இல்லை.