அரோகராவில் ஆடிய படம்

அவைக்குத் தலைமை ஏற்று, அழகாக மாலை சூடி அமர்ந்திருக்கும் டாக்டர் ஸ்ரீதர் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, பொதட்டூர்பேட்டை பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! கைநாட்டுக் கிழவனின் கும்பிடு.

புது ஸ்கேன் மிஷினை வாழ்த்தச் சொன்னார்கள். உடம்பை முப்பரிமாணத்தில் காட்டுமாம். எக்ஸ்ரே கதிரைக் குறைவாகக் கக்குமாம். கண் இமைப்பதற்குள் படம் எடுக்குமாம். வாழ்க! ஆனால் பழைய மிஷினை வழியனுப்ப வேண்டாமா?

ஓர் ஆடிக் கிருத்திகை. என் அக்கா தேவகியின் வீட்டுக்காரர் பச்சையப்பன் பாவா, தீராத இருமலோடு இதே கூடத்தில் அந்தப் பழைய மிஷினில் படுத்தார். மிஷின் ஓட்டும் ஷ்யாம் தம்பி, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி மூச்சைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தார். வாசலில் பம்பை முழங்கக் காவடி வந்தது. 'கந்தனுக்கு' என்றது கூட்டம். திருத்தணிக்காரன் வாய் சும்மா இருக்குமா? மூச்சை விட்டார், கையைக் கூப்பினார், 'அரோகரா' என்றார். படம் ஆடியது.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி காவடி. மறுபடி அரோகரா. மறுபடியும் ஆட்டம்.

"கவலப்படாதீங்க, திரும்ப எடுக்கறதுக்குக் காசு இல்லீங்க" என்றார் ஷ்யாம்.

"ஆங், அப்ப இன்னொன்னு எடுத்துடுப்பா" என்றார் பாவா.

சிரிக்கிறீர்கள்! எதை ஐயா இலவசமாகக் கொடுத்தீர்கள்? கதிரை! கண்ணுக்குத் தெரியாத கதிரை! உடம்பு மறக்காத கதிரை! கேட்கக் கேட்க ஊற்றுவதற்கு அதென்ன ஆடிக் கூழா?

அதோடு விட்டார்களா? ஆடிய படத்தில் நுரையீரல் ஓரம் ஒரு நிழல். இதோ நம் தலைவர் டாக்டர் அவர்கள்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கலங்கியது கண்ணாடியா, படமா? நெஞ்சைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார்.

அக்கா அழவில்லை. "ஏங்க டாக்டரு, காவடி போற வரிக்கும் உங்க மிஷினுக்குப் பொறுக்காதா? அந்தாளு மூச்சு வுட்டதுக்கு நெஞ்ச அறுப்பீங்களா?"

காவடிகள் எல்லாம் மலையேறும்வரை காத்திருந்தார்கள். பாவாவின் காதில் பஞ்சு வைத்தாள் அக்கா. மூச்சைப் பிடிக்கப் பழக்கிவிட்டு, கடைசியாக ஒரே ஒரு படம். நிழல் எங்கே? காணோம்! அறுக்க இருந்தது நோயை அல்ல, பாவாவின் அரோகராவை!

பழைய கதை என்று முணுமுணுப்பது யார்? சரி, இங்கேயே பார்த்துவிடுவோம். எல்லோரும் கையைத் தூக்குங்கள். மூச்சைப் பிடியுங்கள். அசையக் கூடாது.

கந்தனுக்கு!

கேட்டதா? உங்கள் அரோகராவைச் சொல்லவில்லை. மைக்குக்குப் பக்கத்திலேயே ஒரு குரல் கேட்டதே! தலைவர் அவர்களே, கையைக் கூப்பிய வேகத்தில் மாலை கழன்று மடியில் கிடக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மிஷின் எத்தனை வேகமானாலும் அதில் படுப்பவன் இந்த ஊர்க்காரன். பட்டனை அழுத்துமுன் தெருவைப் பாருங்கள். அவன் முகத்தைப் பாருங்கள். படம் கெட்டால், இன்னொரு முறை கதிரை ஊற்றுமுன் ஏன் கெட்டது என்று பாருங்கள்.

பொறுத்துக் கேட்ட எல்லோருக்கும் நன்றி, வணக்கம். இப்போது மூச்சை விடலாம்.