திருக்கழுக்குன்றத்துல நிக்கிற புள்ளி

இல்லம்மா, சன்னல் சீட்டு நீயே வச்சிக்கோ. நான் கைய மட்டும் கம்பிக்கு வெளில நீட்டிக்கிறேன். வானம் தெரிஞ்சாத்தான் இது வேல செய்யுமாம். மேல சேட்லைட்டு கீதாமே, அது நம்மளப் பாத்துகினே வருமாம். நேத்து ஆபீசு லிஃப்ட்டுக்குள்ள நின்னு அமுக்கிப் பாத்தேன், சும்மா சுத்திகினே இருந்துச்சி. போனு வுயுந்துடாது, பயப்படாத. கயிறு கட்டி மணிக்கட்டுல சுத்திகீறேன், பாரு.

சினிமாவா? சினிமா இல்ல கண்ணு, மேப்பு. தோ இந்த நீலப் புள்ளி கீது பாரு, அது நானு. வண்டலூர்ல நாம ஏறசொல்ல இங்க இருந்தேன், இப்ப ஊரப்பாக்கம் தாண்டிட்டேன். ரயிலு நகர நகர நானும் நகர்றேன் பாத்தியா? நாப்பத்தாறு வயசுல ஒரு பொம்பள தன்னத்தானே பாத்து சிரிச்சிகினு வர்றாளேன்னு நெனப்ப. காலைலருந்து எனுக்கு சிரிப்பு அடங்கவே மாட்டேங்குது.

என் பேரு ரெபேக்காள். கேளம்பாக்கத்தாண்ட வூடு. அங்க ஒரு கம்ப்யூட்டர் கம்பெனில அவுஸ்கீப்பிங்கு. ஸ்வாதின்னு ஒரு பொண்ணு, புது போனு வாங்கினதும் இத்த எனுக்குக் குட்த்துச்சி. அக்கா, இனிமே நீங்க வழி தப்பவே மாட்டீங்கன்னுச்சி. நான் எங்க வழி தப்பப் போறேன்? வூடு, ஆபீசு, சர்ச்சு, அவ்ளோதான். சரி, பாப்பமேன்னு ஒரு ஞாயித்துக்கெயம சர்ச்சுக்கு வழி கேட்டேன். உள்ள ஒரு பொம்பள இங்கிலீசுல லெப்ட்டு, ரைட்டுன்றா. பொறந்ததுலருந்து நடக்கிற தெருவ எனுக்கே சொல்லித் தர்றா. மருவாதியா பின்னாலயே போனேன், நேரா ஏரில எறங்கச் சொல்றா. நின்னாலும் வுட மாட்றா, அதையே திரும்பத் திரும்ப சொல்லிகினு கீறா. நல்ல பொடவ கட்டிகினு கீறேன், வுட்ரு தாயேன்னு கையெடுத்துக் கும்புட்டேன். அன்னிக்கி ஆராதனைக்கு லேட்டு.

இந்தப் பக்கம் பாரு, இன்னொரு புள்ளி. குட்டியா மீசயோட போட்டோகூட கீது. அதான் ராமதாசு. மாமல்லபுரத்துல வெள்ளக்காரங்களுக்கு சைக்கிளு வாடகைக்கு வுட்றாரு. அவரு எனுக்கு இன்னா மொறைன்னு கேக்குறியா? கேளு, கேளு. ஆருகிட்டயாவது சொல்லணும்னு நானே தவிச்சிகினு கீறேன். இன்னிக்கி பதினோரு மணிக்கு செங்கல்பட்டு ரிஜிஸ்டர் ஆபீசுல எனுக்கும் அவருக்கும் கல்யாணம்.

அட, நெசமாத்தாம்மா. இந்தப் பையில இன்னா கீதுன்னு நெனச்ச? மால. வாடக்கூடாதுன்னு ஈரத்துணி சுத்திகீறேன்.

ரெண்டு வருசம் முன்ன ஆபீசு டூருன்னு எங்களயும் மாமல்லபுரம் இட்டுகினு போனாங்க. எல்லாரும் கல்லப் பாத்தாங்க, நான் சைக்கிளப் பாத்தேன். சின்ன வயசுல ஓட்டணும்னு அவ்ளோ ஆச, ஆரு வாங்கித் தருவா? வாடகைக்கு எடுத்து ஏறி ஒரு மிதி மிதிச்சேன். நேரா அவரு கடைலயே கொண்டாந்து வுட்டேன். எட்டு சைக்கிளு வரிசையா சாஞ்சிது. மனுசன் திட்டல. கால்ல அடி பட்டுச்சாம்மான்னாரு. என் வூட்டுக்காரரு செத்துப் பதினோரு வருசத்துல, வலிக்குதான்னு என்னக் கேட்ட மொதோ ஆளு அவருதான்.

நல்ல மனுசன். ஆனா பயந்தாங்கொள்ளி. அவரு வேற மதம், வேற ஜாதி. நோட்டீசு ஒட்டி ஒரு மாசம் காத்துகினு இருக்கணும்னாங்க, இருந்தோம். போன மாசம் இதே மாதிரி தேதி குறிச்சி, மால கையுமா நான் ஆபீசு வாசல்ல சாய்ங்காலம் வரிக்கும் நின்னேன். ஆளக் காணோம். திருக்கழுக்குன்றம் வரிக்கும் வந்துகீறாரு. அங்க இருக்கசொல்ல அவரு அண்ணன் போன் பண்ணி, காலனிப் பொம்பளயக் கட்டினா எங்க வூட்டுப் படி ஏறாதன்னுட்டாரு. ரெண்டாயிரத்து ஒம்போதுலயும் இப்பிடி ஒரு பேச்சு. இவரும் அப்பிடியே எதிர் பஸ்ஸு ஏறி வூட்டுக்குப் பூட்டாரு.

ஒரு வாரம் அயுதேன். அப்பால அவரே தேடிகினு வந்தாரு. இனிமே ஓட மாட்டேன்னாரு. எப்பிடி நம்பறதுன்னேன். அவராண்டயும் வெள்ளக்காரன் ஒருத்தன் குட்த்துட்டுப் போன போனு இருந்துச்சி. ஸ்வாதிதான் ரெண்டுத்துலயும் இந்த மேப்ப ஏத்தி, ஒருத்தர் புள்ளி இன்னொருத்தருக்குத் தெரியிற மாதிரி பண்ணி வுட்டுச்சி. நான் எங்க போறேன், எங்க நிக்கிறேன், எல்லாம் நீ பாத்துகினே இரு ரெபேக்கா, இதுக்குமேல எனுக்கு ஒளிய எடமில்லன்னாரு. நோட்டீசு மூணு மாசம்தான் செல்லுமாம், இன்னியோட முடியுது. இன்னிக்கி வரலன்னா எல்லாம் மொதல்லருந்து. மொதல்லருந்து நான் நிக்க மாட்டேன்னு அத்தயும் சொல்லிட்டேன்.

காலைல எந்திரிச்சி பாக்கறேன், புள்ளி கடல்ல கீது. கரையவுட்டு நல்லா உள்ள. ஐயய்யோன்னேன். யம்மா, அது கொஞ்சம் முன்ன பின்ன காட்டும்னு என் பொண்ணு ரெஜினா சொல்லிகினு இருக்கசொல்லவே, புள்ளி ஒரே குதியா குதிச்சி பஸ் ஸ்டாண்டுல நிக்கிது. தலகூட தொவட்டாம வந்துட்டாரான்னு சிரிச்சேன் பாரு, பல்லு தேய்ச்ச நொரையெல்லாம் முயுங்கிட்டேன்.

இரு. நிக்கிது. அவரு புள்ளி நிக்கிதும்மா. எங்கன்னு படி, நான் கண்ணாடி எடுத்தாரல. திருக்கழுக்குன்றமா? நல்லாப் படி.

அதே எடம்.

கூப்பிடவா? நான் கூப்பிட மாட்டேன். கூப்ட்டு வரவக்கிற ஆளு எனுக்கு வாணாம். பஸ்ஸு அங்க நிக்கறதுதான், டீ குடிக்க எறங்குவாங்க. மறைமலைநகர் வந்துடுச்சா? பொத்தேரிலருந்து நிக்கிது. எந்த ஊர்ல இவ்ளோ நேரம் டீ குடிக்கிறாங்க? எதுனா பேசு கண்ணு. வாணாம், நானே பேசறேன். பேசாம இருந்தா அயுதுடுவேன்.

நகர்து. ஐயோ, பின்னால போவுது பாரு, மாமல்லபுரம் பக்கமா. இந்தா போனு, நீயே பாரு. நான் பாக்க மாட்டேன். போன வாட்டி கண்ணால பாக்கல, அதனால தாங்கிகினேன். இன்னாது? வளைஞ்சி வருதா? ஸ்டாண்டுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு ரோட்டுக்கு வந்துடுச்சா? எந்த ரோடு? சரியா சொல்லு கண்ணு, செங்கல்பட்டு ரோடா?

வர்றாரு. தாண்டிட்டாரும்மா, திருக்கழுக்குன்றத்தத் தாண்டிட்டாரு. யக்கா, ஒண்ணியும் இல்ல, நீங்க தூங்குங்க. எனுக்குக் கல்யாணம், அதான் கத்திட்டேன். இன்னா வேகம் வர்றாரு பாரு, பஸ்ஸ இவரே ஓட்டிகினு வர்றாரா இன்னா? போனக் குடு, இனிமே நானே பாக்கறேன்.

பரனூரா? அடுத்தது எறங்கணும். நீயும் செங்கல்பட்டுதானே? எனுக்கு எப்பிடித் தெரியுமா? கழுத்துல ஆபீசு கார்டு தொங்குதே, போன மாசம் அங்க நின்னப்ப இதே கலரு கார்டு நெறய பாத்தேன். உண்மைய சொல்லிட்றேன், கோச்சிக்காத. வண்டலூர் பிளாட்பாரத்துல அந்தக் கார்டப் பாத்துட்டுத்தான் உன் பின்னாலயே ஏறி, பக்கத்துல வந்து உக்காந்தேன். சாட்சிக்கு மூணு பேரு வோணும், அவங்க கையில போட்டோ போட்ட கார்டு வோணும்னு சொல்லிகீறாங்க. ரெஜினாவும் அவ புருசனும் எனுக்கு முன்னாலயே பைக்குல போயி அங்க காத்துகினு கீறாங்க. மூணாவது கையெய்த்து அண்ணன் போடுவாருன்னு இவரு நேத்து வரிக்கும் நம்பிகினு இருந்தாரு, பாவம்.

பத்தே நிமிசம். உன் ஆபீசுல இன்னிக்கி ஒரு நாளு லேட்டுன்னு சொல்லிக்கோ. சிரிக்கிறியே, அப்ப வர்ற. எந்திரி, உன் டிபன் பைய நான் தூக்கிக்கிறேன். அது கெடக்கட்டும், உன் பேரு இன்னாம்மா?