இருபது நிமிடப் பெருமை

கையில் ஒரு தாளையும் நெற்றியில் ஒரு சுருக்கத்தையும் ஏந்தி இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் அமைப்பின் தலைவர் பாபா மசாரா அவர்களே! ஊர் வழக்குகளை உள்ளத்தில் சுமந்து வந்திருக்கும் ஊர்த்தலைவர்களே! மேடையின் இடப்பக்கத்தில் மிடுக்கோடு வீற்றிருக்கும் காவல்துறைச் சகோதரியே! மலையேறி, மழையில் நனைந்து, சைக்கிள் சங்கிலி அறுந்தாலும் சங்கடப்படாமல் சென்று, பிறர் பெற்ற பிள்ளைகளுக்காகத் தம் பிள்ளைகளைக் காக்க வைக்கும் என் பணித் தோழர்களே! முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓரமாய் நிற்கும் தாய்மார்களே! நிற்க வேண்டாம் அம்மா, முன்வரிசையில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். உங்கள் எல்லோருக்கும் இந்த மாய் தாரிரோவின், எங்கள் வழக்கப்படி இரு கரம் தட்டிய வணக்கம்.

என் பெயர் லவ்னஸ். தாரிரோவைப் பெற்றதால் மாய் தாரிரோ. பத்தொன்பது ஆண்டுகளாகக் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர். எங்கள் மேற்பார்வையாளர் நியாராய் அவர்களை வாழ்த்தி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவரை வாழ்த்த என்னை அழைத்தார்களே, அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இந்த மாவட்டத்தில் நியாராயைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் பட்டியல் ஒன்று போட்டால், முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.

என்ன டொங்காய், அங்கே தலையை ஆட்டுகிறீர்? இரண்டாவது பெயர் உம்முடையது அல்ல. உம்மைப் பார்த்தும் நான்தான் எரிந்தேன். பொறுமையாக இரும், சொல்கிறேன்.

அதற்கு முன், தலைவர் கையில் இருக்கும் அந்தத் தாள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமை, நாங்கள் ஒவ்வொருவரும் மேற்பார்வையாளரோடு கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருகிறோம். எந்தக் குழந்தை எப்படி இருக்கிறது, நாம் என்ன செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம், அதெல்லாம் பார்த்துப் பார்த்து நம் மனம் என்ன ஆகியிருக்கிறது என்று பேசுகிறோம். அந்த இரண்டு மணி நேரத்தை இனி இருபது நிமிடமாக்கிவிடலாம் என்கிறது தாள். மதிய உணவுக்குப் பிறகு கை தூக்கி முடிவு செய்யப் போகிறோம். மதியத்துக்கான சட்சாக் களி வெந்துகொண்டிருக்கும் வாசனை வருகிறது. அது இறங்குவதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மேற்பார்வையாளர் பதவி காலியானது. யாருக்கு வரவேண்டியது அது? ஆற்றங்கரை முதல் தேயிலைத் தோட்டம் வரை எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் என்று அறிந்தவள் யார்? அன்றைக்குப் பதினைந்து ஆண்டு சேவையை முடித்திருந்தவள் யார்? நான்தானே! வந்தது யாருக்கு? முட்டாரே நகரத்திலிருந்து ஒரு தோல்பையோடு வந்து இறங்கிய முப்பத்தொரு வயது நியாராய்க்கு! என் கல்யாணத்தின்போது பள்ளிக்கூடமே போகாத பெண்ணுக்கு!

அன்று முதல் அவர் எதைச் செய்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மெதுவாகப் பேசினால் நடிப்பு என்றேன். சிரித்தால் மிதப்பு என்றேன். அவருடைய காலணி எப்போதும் பளபளவென்று இருக்கும். கிராமத்துச் சேற்றில் கால் வைத்தால்தானே அழுக்காகும் என்று சமையலறையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். தேநீர் போட்டுக் கொடுத்தால் சர்க்கரை அதிகம் என்று அப்படியே வைத்துவிட்டுப் போவேன். பொறாமை வந்துவிட்டால் நாக்கில் சர்க்கரை கூடக் கசக்கும், தாய்மார்களே.

போதாதென்று டொங்காய் வேறு. அதோ, இரண்டு பேர் உட்காரும் இடத்தில் ஒருவராக உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். பேருந்தில் நடத்துநராக இருந்துவிட்டு எங்கள் வேலைக்கு வந்தவர். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நியாராயின் அறைக்குள் நுழைவார். கதவு சாத்தப்படும். பதினொரு மணிக்குத்தான் வெளியே வருவார். அவருக்கு அடுத்து நான். பதினொரு மணிக்குப் போவேன், பதினொன்று இருபதுக்கு வந்துவிடுவேன். அவருக்கு இரண்டு மணி நேரம், எனக்கு இருபது நிமிடம்! இது என்ன நியாயம்? அவர் என்ன நியாராய்க்கு அண்ணன் மகனா? அடுத்த பதவி உயர்வுக்கு உள்ளே வைத்துச் செதுக்குகிறார்களா?

நான் வெளியே வந்த பிறகாவது அவர் வேறு வேலை பார்த்தாரா? அதுவும் இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கோப்பை தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே ஜகரண்டா மரத்தைப் பார்த்தபடி ஒரு மணி வரை சும்மா உட்கார்ந்திருப்பார். என் மேசையிலிருந்து நன்றாகத் தெரியும். எனக்கு ஒதுக்க நேரமில்லை, மரத்தை ரசிக்க நேரம் இருக்கிறதா என்று பல்லைக் கடித்தேன்.

கடித்துக்கொண்டு விட்டேனா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். மூன்று மாதம், ஆறு செவ்வாய்க்கிழமை, கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். டொங்காய் இரண்டு மணி நேரம். லவ்னஸ் இருபது நிமிடம். டொங்காய் இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். லவ்னஸ் பதினெட்டு நிமிடம். குழந்தைகளின் கோப்பில் கூட நான் அவ்வளவு நேர்த்தியாக எழுதியதில்லை. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடியும்.

அந்த மூன்று மாதத்தில் என் கையில் ஒரு வழக்கு இருந்தது. ஒன்பது வயதுச் சிறுமி. ருவா என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயர் அல்ல, எந்த ஊர் என்றும் சொல்ல மாட்டேன், யாரும் யூகிக்க முயல வேண்டாம். தாய் தகப்பன் இல்லை. மாமன் வீட்டில் வளர்ந்தாள். அடி விழுகிறது என்று பள்ளியிலிருந்து தகவல் வந்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை நான் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் முறை போனேன். மாமன் மிகுந்த மரியாதையோடு முக்காலி போட்டார். குடிக்கக் கூழ் கொடுத்தார். எதிரே உட்கார்ந்து கோடரியைத் தீட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"உங்க தாரிரோ மிஷன் பள்ளிக்கூடத்துல தானே படிக்குது? பச்சை ஸ்வெட்டர். நாலு மணிக்கு ஆத்துப்பாலத்து வழியா தனியாத்தான் நடந்து வருது."

அவ்வளவுதான். கூழை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்றைக்கே நான் என்ன செய்திருக்க வேண்டும்? நியாராயிடம் ஓடியிருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? யாரிடம் சொல்வது? என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடமா? மாய் தாரிரோவுக்கு முடியவில்லை என்று அவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும் என்றா? உயிரே போனாலும் அந்தப் பெண்ணின் முன்னால் நான் தளர்ந்து நிற்க மாட்டேன் என்று சபதம் போட்டேன். என் பொறாமை என் வாயைக் கட்டியது.

அதன் பிறகு அந்த வீட்டுக்குள் நான் நுழையவே இல்லை. சாலையிலேயே சைக்கிளை நிறுத்திக்கொள்வேன். சோளக்கொல்லைக்கு அப்பால் அடிகுழாய் அருகில் ருவா தெரிவாள். எப்படி இருக்கிறாய் கண்ணு என்று அங்கிருந்தே கத்துவேன். அவள் கையசைப்பாள். மாமன் அதே கோடரியோடு வாசலில் நிற்பார். குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும், அதுவே எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் சாலையில் நின்று கத்திவிட்டுத் திரும்பி வந்து, "குழந்தையோடு பேசினேன், அனைத்தும் நலம்" என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை அதையே வாசித்தேன். நியாராய் கேட்பார், "வேற ஏதாவது இருக்கா, மாய் தாரிரோ?" நான் சொல்வேன், "ஒண்ணுமில்ல மேடம்." எழுந்து வந்துவிடுவேன். ஆறு முறை கேட்டார். ஆறு முறை எழுந்து வந்தேன்.

ஆறாவது செவ்வாயன்று, ஒரு மணிக்குப் பணியாளர் கூட்டம். நோட்டுப் புத்தகத்தோடு எழுந்தேன். என் தமக்கைமாரே, நான் அன்று பேசிய பேச்சு இருக்கிறதே, இன்றைய பேச்சு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை! அநீதி என்றேன். ஆள் பார்த்து அன்பு காட்டுகிறார் என்றேன். தேதி வாரியாக, நிமிடக் கணக்காக வாசித்தேன்.

நியாராய் கோபப்படவில்லை. தன் நாட்குறிப்பை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தார். செவ்வாய், ஒன்பது முதல் பதினொன்று, டொங்காய். பதினொன்று முதல் ஒன்று, மாய் தாரிரோ. எல்லாச் செவ்வாயும் அப்படித்தான். எனக்கும் இரண்டு மணி நேரம்.

"நீங்க எழுந்து போனப்புறம் ஒரு மணி வரைக்கும் கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன், மாய் தாரிரோ," என்றார். "அந்த நேரம் உங்களோடது. திரும்பி வருவீங்கன்னு நெனச்சேன். ரெண்டாவது தேநீர் உங்களுக்குப் போட்டது."

மரத்தை ரசிக்கிறார் என்று நினைத்தேனே! நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த அந்த ஒவ்வொரு நிமிடமும் என்னுடையதாக இருந்திருக்கிறது.

அப்போது டொங்காய் எழுந்தார். இத்தனை பெரிய உடம்பிலிருந்து அத்தனை சின்னக் குரல் வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அக்கா, நானும் உங்களைப் பாத்து வயிறெரிஞ்சுட்டுத்தான் இருந்தேன். நான் உள்ள உக்காந்து ரெண்டு மணி நேரம் அழுதுட்டு வர்றேன். நீங்க இருவது நிமிஷத்துல சிரிச்சுக்கிட்டே வர்றீங்க. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோன்னு பஸ் கம்பெனில திரும்ப வேலை கேட்டு எழுதிட்டேன்."

கேட்டீர்களா? என் பொய்ச் சிரிப்பு ஒரு நல்ல பணியாளரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

எல்லோரும் கலைந்தார்கள். நான் மட்டும் அசையவில்லை. நியாராய் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "எந்த வீட்டுக்குப் போறதுன்னா உங்களுக்குப் பயம்?" என்று கேட்டார். மூன்று மாதம் அடைத்து வைத்திருந்தது உடைந்தது. மாமனை, கோடரியை, பச்சை ஸ்வெட்டரை, சாலையோரத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"தாரிரோ இப்ப எங்க இருக்கா?"

என் பிள்ளையை அல்லவா முதலில் கேட்டார்! பள்ளிக்கு டொங்காயை அனுப்பினார். தாரிரோ அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பத்திரமாக வந்து சேர்ந்தாள். அதற்குள் நியாராய் காவல்துறைச் சகோதரியை அழைத்தார். அதோ, இடப்பக்கத்தில் அமர்ந்திருப்பவரேதான். மூவரும் அன்று பிற்பகலே அந்த வீட்டுக்குப் போனோம். பளபளக்கும் காலணி சேற்றில் புதைய, எனக்கு முன்னால் நடந்தவர் நியாராய்.

ருவாவின் வலது கை முறிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பழந்துணியால் உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முந்தின வாரம்தான் நான் சாலையில் நின்று நலம் விசாரித்தேன். அவள் கையசைத்தாள். இடது கையால் அசைத்தாள். பார்த்தேன், பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "அனைத்தும் நலம்" என்று எழுதிவிட்டு வந்தேன்.

அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். இப்போது நல்லவர்கள் வீட்டில் இருக்கிறாள், படிக்கிறாள். ஆனால் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கை முழுவதும் நிமிராது. மாமன் தண்டனை பெற்றார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது தகும். நியாராய் தன்னைப் பற்றியும் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: "ஆறு முறை அவர் எழுந்து போனதை நான் ஏற்றுக்கொண்டேன். ஒரு முறையாவது உட்காருங்கள் என்று சொல்லாதது என் தவறு." யாரும் கேட்காமல் எழுதினார். அன்றைக்குத்தான் புரிந்தது, அந்த நாற்காலி ஏன் எனக்கு வரவில்லை என்று.

பொறாமை போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? போகவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது. சனவரியில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளே, அந்தப் பின்வரிசையில் இருப்பவர்களே, எனக்கு இப்போது உங்களைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது! முதல் வாரத்திலேயே அந்த அறையில் உட்கார்ந்து, "எனக்குப் பயமா இருக்கு மேடம்" என்று வெட்கப்படாமல் சொல்கிறீர்களே! அதைச் சொல்ல எனக்குப் பதினைந்து ஆண்டும் ஒரு குழந்தையின் கையும் தேவைப்பட்டதே! உங்களிடமிருந்து அந்த இரண்டு மணி நேரத்தைப் பறிக்க விடுவேனா?

தலைவர் அவர்களே, உங்கள் தாளின் இரண்டாம் பக்கத்தைத் திருப்புங்கள். சான்று என்று ஒன்று போட்டிருக்கிறது. பழைய பதிவேட்டின்படி, மூத்த பணியாளர் ஒருவர் தொடர்ந்து ஆறு அமர்வுகளை இருபது நிமிடத்துக்குள் முடித்து, "அனைத்தும் நலம்" என்று கையெழுத்திட்டிருக்கிறார். ஆகவே அனுபவமுள்ளவர்களுக்கு அந்த நேரம் போதும் என்று எழுதியிருக்கிறது. போன வாரம் அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மூத்த பணியாளர் நான்தான். அது அனுபவமல்ல ஐயா, அது என் பொறாமை.

இதோ என் பேனா. நாங்கள் கை தூக்குவதற்கு முன், அந்த வரியின் பக்கத்தில் என் பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே, குழந்தை இடது கையால் கையசைத்தாள் என்றும் எழுதுங்கள். அப்படி எழுதிய தாளை எங்கள் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, அப்புறம் கேளுங்கள், இருபது நிமிடம் போதுமா என்று.

வாழ்த்த வந்தவள் வாக்குமூலம் கொடுத்ததைப் பொறுத்து அமர்ந்திருந்த பெரியோருக்கும், தூங்காமல் கேட்ட தாய்மாருக்கும், தூங்கிய குழந்தைகளுக்கும் நன்றி. நியாராய் மேடம், நான்கு ஆண்டுக்கு முன் ஆறவிட்ட தேநீருக்கும் சேர்த்து நன்றி. வரும் செவ்வாய் பதினொரு மணிக்கு வருகிறேன். ஒரு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டேன். வணக்கம்!