திரும்பக் கொண்டுவிடும் தெருக்கள்

எங்கள் நகரில் செருப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும், சார். பால், காய்கறி, மருந்துக்கடை, வங்கி, பூங்கா எல்லாமே பத்து நிமிட நடை. காட்டுப்பாக்கத்தில் மனை வாங்கும்போதே என் மனைவி அனுசுயா அதைத்தான் பார்த்தாள். வயதான பிறகு வண்டி எடுக்க வேண்டியதில்லை, நடந்தே எல்லாம் முடித்துக்கொள்ளலாம் என்றாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அகலமான நடைபாதை, இரு பக்கமும் புங்க மரம். ஐடி வேலைக்கு வந்த சின்னவர்கள்கூடச் சாயங்காலம் காரை நிறுத்திவிட்டு நடக்கத்தான் செய்வார்கள். நடக்கிறவர்களில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். என் சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதில் மறதி வந்தது. அறுபதில் என்னையே அடையாளம் தெரியவில்லை. குளிப்பாட்டினால் அடிப்பாள். சாப்பிட்ட கையோடு சோறு கேட்பாள். நான் அவள்மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தலை பின்னிவிட்டேன், மூன்று வேளையும் ஊட்டினேன். "ஜானகிராமன் சாரைப் பாருங்க" என்று தங்கள் கணவன்மாருக்கு என்னைக் காட்டிய பெண்கள் உண்டு.

பிறகு அவள் வெளியே போக ஆரம்பித்தாள். தெருவில் இறங்கினால் கால் போன போக்கில் போவாள். அரை மணி நேரத்துக்குள் யாராவது கூட்டிவந்துவிடுவார்கள். மருந்துக்கடை பாஸ்கரன் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கைபிடித்து அழைத்துவருவார். தெருமுனையில் துணி தேய்க்கும் வேம்புலியம்மாள் தள்ளுவண்டிப் பக்கத்தில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அப்புறம் கொண்டுவந்து விடுவாள்.

"அம்மா எங்கயும் பூடாது சார். நாங்கல்லாம் கீறோம்ல," என்பாள்.

பாஸ்கரன் என் போன் நம்பரைப் பொறித்து ஒரு ஸ்டீல் காப்பு செய்துவந்து அவள் கையில் மாட்டினார். மொத்தம் பதினோரு முறை திரும்பி வந்தாள். முதல் இரண்டு முறைதான் அவளாகத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போனது. மற்ற ஒன்பது முறையும் திறந்துவைத்தது நான்.

திறந்துவைத்துவிட்டு உள்ளே வந்து பேப்பர் படிப்பேன். கோபமெல்லாம் கிடையாது. வீடு அமைதியாக இருக்கும், அவ்வளவுதான். அழைப்பு மணி அடித்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் நன்றி சொல்வேன். முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கலாமே என்று கேட்டீர்கள். சேர்த்தால் அத்தனை பேர் முகத்திலும் எப்படி விழிப்பது? காணாமல் போவது வேறு விஷயம். அதில் யார்மீதும் குற்றமில்லை.

அதனால் அன்று மட்டும் நாங்கள் நடக்கவில்லை. வாசலிலேயே ஆட்டோ ஏறினோம். ஆஸ்பத்திரிக்கு என்று எதிர்வீட்டில் சொன்னேன். ஆவடியில் மின்சார ரயிலைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கினோம். வழியில் காப்பைக் கழற்றினேன். அவளே கையை நீட்டிக் காட்டினாள். வடக்கே போகிற ரயில் ஒன்று காலை பத்து மணிக்கு நின்றிருந்தது. இரண்டு நாள் ஓடுகிற வண்டி. முன்பதிவில்லாப் பெட்டியில் ஜன்னலோரம் உட்காரவைத்து, எலுமிச்சை சாதப் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மத்தியானம், தெருவில் ஆளில்லாத வெயிலில் தனியாக வீடு திரும்பினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வெளியே போய்விட்டாள், காணவில்லை என்று சாயங்காலம் சொன்னேன். நகரே திரண்டு தேடியது. அவள் படத்தை அச்சடித்துப் பக்கத்து ஊர் நூம்பல் வரைக்கும் ஒட்டினார்கள். வேலைக்கு லீவு போட்டு வந்தவர்கள்கூட உண்டு. பன்னிரண்டு நாள் நானும் அவர்களோடு தெருத்தெருவாக நடந்தேன். அத்தனை நடந்தது உடம்புக்கு நல்லதாகவே இருந்தது. ரொம்ப நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

பதின்மூன்றாம் நாள் வேம்புலியம்மாள் தேய்த்த துணியோடு வந்தாள். மூட்டையைக் கீழே வைக்காமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"சார், அம்மா கைல கெடந்த காப்பு உங்க சட்டப் பையில கீது. இன்னா சார் இது?"

துவைக்கும்போது நான் கவனிக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அம்மாவ எங்க வுட்டுட்டு வந்தே?"

பத்து வருடப் பழக்கத்தில் என்னிடம் அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் நடந்து வந்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், அவளுக்குப் புரிந்ததா என்று. புரிந்திருக்காது, சார். புரியும் என்று தோன்றியிருந்தால் நான் செய்திருப்பேனா? தண்ணீர் வாங்கிவருகிறேன் என்று சொல்லித்தான் இறங்கினேன். ஜன்னலுக்கு எதிரேயே நின்றேன். வண்டி நகர்ந்ததும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தாள்.

"என்னங்க, ஓடி வராதீங்க, விழுந்துடுவீங்க. அடுத்த ஸ்டேஷன்ல நான் எறங்கி நிக்கிறேன்," என்றாள்.

இந்த நோயில் பழைய பேச்சு ஏதாவது அர்த்தமில்லாமல் வாயில் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அடுத்த ஸ்டேஷனில் போய்ப் பார்க்கவில்லை.