சுவிட்சை அணைத்த பிறகும் தொங்கும் தொங்கட்டான்

இந்த மாலைக்குத் தலைமை தாங்கும், தன் மளிகைக் குடோனின் பின்னறையை எங்களுக்குத் தாரைவார்த்துவிட்டு வெல்ல மூட்டைகளை வாசலில் அடுக்கிக்கொண்டிருக்கும் அண்ணாச்சி வெள்ளத்துரை அவர்களே! துறைமுகத்தில் சுமை இறக்கிய தோளோடு நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, ஒரு காதை அங்கேயும் ஒரு காதை இங்கேயும் வைத்திருக்கும் தாய்மார்களே! அலையோசைக்கும் ஆலையோசைக்கும் நடுவே அயராமல் வாழும் தண்டையார்பேட்டையின் தங்கங்களே! உங்கள் எழில்மொழி கைகூப்பி நிற்கிறாள்.

தண்ணீர் வந்தால் தயங்காமல் எழுந்து போங்கள். பேச்சு எங்கேயும் கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், பூனாவில் வேலை கிடைத்ததைப் பாராட்டினீர்கள். நாளைக் காலை எனக்கு ரயில். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது என்னைப் பற்றி அல்ல. என் தலைக்கு மேலே, பந்தலின் இரும்புக் குழாயில் கொக்கி போட்டுத் தொங்குகிறதே, அந்த இயந்திரத்தைப் பற்றி. பெயர் தொங்கட்டான். வைத்தவர் பக்கத்துத் தையல்கடை பட்டம்மாள் அக்கா. "காதுல மாட்னா மாரியே கீதும்மே" என்றார். ஐந்து கிலோ எடையை எந்தக் காதில் மாட்டுவது என்று நான் கேட்கவில்லை.

இது எதற்குப் பிறந்தது? கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ரோபோ போட்டிக்கு. உயரத்தில் ஒரு கம்பி. இயந்திரம் அதில் கொக்கியை மாட்டி, கயிற்றைச் சுருட்டி, தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்றால் எல்லோரும் வென்றுவிடுவார்களே. மணி அடித்ததும் நடுவர் வந்து மின்சாரத்தை நிறுத்துவார். நிறுத்திய பிறகும் தரையைத் தொடாமல் தொங்கினால்தான் மதிப்பெண். ஏறுவது மோட்டாரின் வேலை. மோட்டார் செத்த பிறகு நிற்பது யாருடைய வேலை?

முதல் வருடம் எங்களுக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. "மின்சாரம் நிறுத்தப்படும்" என்று விதியில் படித்தோம். எண்ணூர்ப் புகை முழுக்க நமக்கு, எண்ணூர்க் கரண்டு மட்டும் ஊருக்கெல்லாம் என்று வாழ்கிறவர்கள் அதை எப்படிப் படிப்போம்? கரண்ட் கட் என்று படித்தோம். கரண்ட் போனால் நமக்குத் தெரிந்த வைத்தியம் என்ன? எமர்ஜென்சி லைட். எங்கள் அணியின் சித்தார்த் சொன்னான்: "போனா போவுது, இன்னொரு பேட்டரி சொருகிக்கலாம்." சொருகினோம். ஏறினோம். நடுவர் ஒரு சுவிட்சை அணைத்தார், தொங்கட்டான் தொங்கியது. நாங்கள் துள்ளினோம். அவர் இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அந்த இன்னொன்னையும் அணைச்சுடும்மா" என்றார். அணைத்தேன். தொப்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு அரங்கமே சிரித்தது, அது வலித்தது. நீங்கள் சிரிப்பது வலிக்கவில்லை.

திரும்பி வந்து அண்ணாச்சி தந்த பின்னறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். பெரிய மோட்டார் வாங்கலாமா, எடையைக் குறைக்கலாமா என்று வாதாடினோம். அணியில் அம்மு மட்டும் ஸ்டாண்டு போட்ட தன் சைக்கிள்மேல் உட்கார்ந்து பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். டிக் டிக் டிக் டிக். சித்தார்த்துக்கு எரிச்சல். "பேஜாரு பண்ணாத, நிறுத்து" என்றான். அம்மு நிறுத்தவில்லை. பின்னால் சுற்றினாள், வழுக்கியது. முன்னால் மிதித்தாள், பிடித்தது. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். பிறகு இறங்கி நின்று சொன்னாள்: "ஒரு பக்கம் வுடுது, ஒரு பக்கம் வுடலை. இதுக்கு எவன் கரண்ட் குடுக்கறான்?"

தாய்மார்களே, அந்த வாக்கியம் எங்கள் தலையெழுத்தை மாற்றியது. சைக்கிளின் பின்சக்கர ஃப்ரீவீலுக்குள் ஒரு பல்வரிசை இருக்கிறது, அதில் விழுகிற குட்டி இரும்பு நாக்கு இருக்கிறது. ஒரு பக்கம் சுற்றினால் நாக்கு பல்லின்மேல் வழுக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் பல்லில் இடறி நிற்கும். அதைக் கயிறு சுருட்டும் உருளையில் பொருத்தினோம். ஏறும்போது டிக் டிக் என்று வழிவிடும். இறங்கப் பார்த்தால் கவ்விக்கொள்ளும். காசு கொடுத்த கரண்டு செய்யாத வேலையை அந்தக் குட்டி நாக்கு செய்தது.

நன்றாகவே செய்தது. சோதித்துப் பார்க்கக் குடோன் உத்திரத்தில் ஏற்றினோம். ஏறியது. நின்றது. பிறகு இறங்க மறுத்தது. ஏற்றுவதை யோசித்தோம், நிற்பதை யோசித்தோம், இறக்குவதை ஒருவரும் யோசிக்கவில்லை. காலையில் கடை திறக்க வந்த அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, இது இறங்குமா, இல்ல குடியிருக்கப் போகுதா? சரக்கு லாரி வருதுல்லா." அதற்குள் பட்டம்மாள் அக்கா அதன் அடிக் கொக்கியில் மாவரைக்கும் பையை மாட்டிவிட்டுப் போயிருந்தார். ஸ்பேனர் போட்டுக் கழற்றித்தான் இறக்கினோம். பிறகு, நாமே உருவினால் மட்டும் இறங்கும்படி ஓர் ஆணி வைத்தோம்.

அடுத்த போட்டி. விலையுயர்ந்த மோட்டார்கள் விருட்டென்று ஏறின, மணி அடித்ததும் மளமளவென்று இறங்கின. தொங்கட்டான் தொங்கியது. நடுவர் மறைத்து வைத்த பேட்டரியைத் தேடினார். இல்லாததை எங்கே கண்டுபிடிப்பார்? இரண்டாம் பரிசு நமக்கு.

யாரது, ஏன் முதல் பரிசு இல்லை என்று கேட்பது? அண்ணே, முதல் பரிசு வாங்கியவர்களின் இயந்திரமும் தொங்கியது, நம்முடையதைவிட வேகமாக ஏறியது. அவர்களை வெல்ல இன்னொரு வருடம் வேண்டும்.

அந்த இன்னொரு வருடம் இருக்கிறதா? அதைக் கேட்கத்தான் மேடை ஏறினேன்.

சென்ற மாதம் எனக்குக் காய்ச்சல். ஒரு வாரம் படுக்கையில் கிடந்தேன். அந்த வாரம் முழுக்க அறையின் பூட்டை யாரும் தொடவில்லை. அங்கே இயந்திரம் செய்யப் பழகும் பிள்ளைகள் வந்து வாசலில் நின்று திரும்பிப் போயிருக்கிறார்கள். சாவி என்னிடம், கருவிப்பெட்டி என்னிடம், எதற்கும் எழிலக்கா வரட்டும். அதைக் கேட்டு எனக்குப் பெருமை வரவில்லை, பயம் வந்தது. அந்த அறைக்கு நான் மோட்டார். நாளை என் சுவிட்ச் அணைகிறது. பிறகு தொப்பா, தொங்கலா?

இன்னொரு எழில்மொழியைத் தேட வேண்டாம். அது இன்னொரு பேட்டரி. அவளுக்கும் வேலை வரும், அவளும் ரயில் ஏறுவாள். எனக்கு வேண்டியது சின்னச் சின்னப் பற்கள். திங்கள் மாலை அறையை யார் திறப்பீர்கள்? பட்டம்மாள் அக்கா கை தூக்குகிறார். செவ்வாய்? அம்மு. புதன்? சித்தார்த், உன் கையை உன் அம்மா தூக்கிவிடுகிறார், பரவாயில்லை, தூக்கியது தூக்கியதுதான். வியாழன்? அண்ணாச்சியே! வெள்ளி? பின்வரிசையில் அத்தனை கைகளா? போதும், போதும்.

முன்வரிசைப் பெரியவர் வெகுநேரமாகத் தொங்கட்டானுக்கு ஒயர் எங்கே என்று தேடுகிறார். தேடாதீர்கள் ஐயா. நான் பேச எழும் முன்பே அதன் பேட்டரியைக் கழற்றி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். அண்ணாச்சி, கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள். பார்த்தீர்களா? இவ்வளவு நேரமும் அது வெறும் நாக்காலும் பல்லாலும்தான் தொங்கியது.

இதோ அறையின் சாவி. இதைத் தொங்கட்டானின் அடிக் கொக்கியில் மாட்டுகிறேன். கையை எடுத்துவிட்டேன். திங்கள் மாலை பட்டம்மாள் அக்கா வந்து எடுப்பார்.

இடம் தந்த அண்ணாச்சிக்கும், கை தூக்கிய உங்களுக்கும், குழாயடியில் காத்திருக்கும் குடங்களுக்கும் நன்றி. பூனாவிலிருந்து வரும்போது அறைக்குள் விளக்கெரிவதைத் தெருமுனையிலிருந்தே பார்ப்பேன். தண்டையார்பேட்டைக்கு என் வணக்கம்.